ப்ளூட்டோ: மங்காவா, அனிமேயா, மூலக்கதையா? எதில் தொடங்குவது?

2023 அக்டோபர் 26 அன்று, நவோகி உராசவாவின் ‘ப்ளூட்டோ’ மங்கா (ஜப்பானியப் படக்கதை) அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடராக, நெட்ஃபிளிக்ஸில் வெளியானதிலிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. “மங்காவை வாங்கிப் படிக்கணுமா, தொடரைப் பார்த்தால் போதுமா?” சிலர் இன்னும் ஒரு படி பின்னால், மூலக்கதைக்கே போய், “தெசுகாவின் பழைய கதையைப் படித்துவிட்டுத்தான் இதற்குள் வரணுமாமே?” என்று தயங்குகிறார்கள். தயங்கித் தயங்கி மூன்றில் ஒன்றையும் தொடாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது ஒரு கொலை மர்மக் கதை. மர்மக் கதையை எதுவும் தெரியாமல் அனுபவிக்கும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். மற்ற மங்காக்களுக்கு “எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள்” என்று சொல்லிவிடுவேன். இதற்குச் சொல்ல மனம் வரவில்லை. கொலையாளி யார், ஏன் கொல்கிறான் என்பதை இங்கே எங்கும் உடைக்கமாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

## கதை எங்கிருந்து வந்தது

ஒசாமு தெசுகா 1952 முதல் 1968 வரை எழுதி வரைந்த சிறுவர் மங்காவின் நாயகன் ஆட்டம் என்ற ரோபோப் பையன். உலகம் அவனை ஆஸ்ட்ரோ பாய் என்று அறியும். அந்த நெடுந்தொடருக்குள் 1964 ஜூனிலிருந்து 1965 ஜனவரி வரை ‘பூமியின் மாபெரும் ரோபோ’ என்றொரு கதை வந்தது. ஒரு சுல்தான் கொம்பு முளைத்த பிரம்மாண்டமான ரோபோ ஒன்றைச் செய்யச் சொல்கிறார். உலகின் ஏழு பலசாலி ரோபோக்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்குவதுதான் அதற்கு இட்ட வேலை. அதன் பெயர் ப்ளூட்டோ.

கதைப்படி ஆட்டம் பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்த நாள் நிஜமாகவே நெருங்கிவந்தபோது, சிறு வயதில் அந்தக் கதையில் மனம் பறிகொடுத்திருந்த நவோகி உராசவா அதைத் தன் பாணியில் மறுபடி சொல்ல அனுமதி கேட்டார். தெசுகா 1989-இலேயே காலமாகியிருந்தார். அவர் மகன் மகோடோ தெசுகா முதலில் மறுத்துவிட்டு, பிறகு ஒப்புக்கொண்டார். அப்பாவுக்குச் செலுத்தும் மரியாதையாக மட்டும் இது நின்றுவிடக் கூடாது, முழுக்க உராசவாவின் மங்காவாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இணைக் கதாசிரியர் தகாஷி நாகசாகியுடன் சேர்ந்து உராசவா 2003 செப்டம்பரில் தொடங்கி 2009 ஏப்ரலில் முடித்தார். மொத்தம் 65 அத்தியாயங்கள், 8 தொகுதிகள். தொடர் பாதியில் இருக்கும்போதே, 2005-இல், தெசுகா ஒசாமு பண்பாட்டுப் பரிசின் பெரும்பரிசு கிடைத்தது. 2010-இல் அறிவியல் புனைவுக்கான செய்யுன் விருதும் வந்தது.

உராசவா செய்த முதல் காரியம் கதையின் நடுவில் ஒரு துப்பறிவாளரை உட்காரவைத்தது. மூலக்கதையில் சில பக்கங்களே வந்துபோகிற கெஸிக்ட் என்ற ஜெர்மானிய ரோபோ இங்கே ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலின் அதிகாரி. சுவிட்சர்லாந்தில் மக்களெல்லாம் நேசித்த மோன் பிளாங் என்ற ரோபோ சிதைந்து கிடக்கிறது. அதன் தலையில் இரண்டு கொம்புகள் போல ஏதோ செருகப்பட்டிருக்கின்றன. அதே சமயம் டுசல்டோர்ஃபில் ரோபோ உரிமைக்காக உழைத்த ஒரு மனிதர் கொலையாகிறார். அவர் தலைமாட்டிலும் கொம்புகள். சம்பவ இடத்தில் மனிதன் வந்துபோன தடயமே இல்லை. அப்படியானால் ரோபோவா? ஆனால் ரோபோ மனிதனைக் கொல்லாது, கொல்லவும் முடியாது. வரலாற்றில் ஒரே ஒரு ரோபோதான் அதைச் செய்திருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

படம் அழகா, இசை நன்றாக இருக்கிறதா என்பதையெல்லாம் நான் பின்னால் தள்ளிவிட்டேன். முடிவெடுக்க உதவுகிறவை இவைதான்:

மர்மம். எந்த வடிவம் ரகசியங்களைக் கடைசிவரை காப்பாற்றுகிறது? ஒன்றை முடித்த பிறகு அடுத்ததில் ருசி மிஞ்சுமா?

முகம். இந்தக் கதையின் உயிர் இங்கேதான். கெஸிக்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கே முகம் என்றுதான் பொருள். யார் மனிதர், யார் ரோபோ, அசையாத முகத்துக்குப் பின்னால் வலி இருக்கிறதா என்பதுதான் கதை நெடுக ஓடும் கேள்வி. அதை எந்த வடிவம் நம் கையில் விடுகிறது, எது நமக்குப் பதிலாகத் தானே தீர்த்துவிடுகிறது?

செலவு. பணம், நேரம், அலைச்சல் மூன்றும்.

யாரோடு, எந்த வயதில். தனியாக உட்காரப் போகிறீர்களா, வீட்டாரோடா, குழந்தைக்கா?

## மங்கா: 8 தொகுதிகள்

முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. ராபி என்ற காவல்துறை ரோபோ ஒரு போதையாளியால் நொறுக்கப்படுகிறது. செய்தியைச் சொல்ல கெஸிக்ட் அதன் வீட்டுக்குப் போகிறார். கதவைத் திறப்பது ராபியின் மனைவி. கெஸிக்ட்டைப் போல மனிதத் தோல் போர்த்திய ரோபோ இல்லை. பழைய மாடல், தகர முகம். புருவம் கிடையாது, உதடு கிடையாது. கணவர் போய்விட்டார் என்று கெஸிக்ட் சொல்கிறார். வேண்டுமானால் அவரைப் பற்றிய அவளுடைய நினைவுகளை அழித்துவிடலாம் என்றும் சொல்கிறார். அவள் வேண்டாம் என்கிறாள்.

அவ்வளவுதான் காட்சி. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. செய்தி கேட்பதற்கு முன்னால் இருந்த அதே முகம்தான் கேட்ட பிறகும். கோடு ஒன்றுகூட மாறவில்லை. இருந்தாலும் இரண்டாவது கட்டத்தில் அந்த முகம் அழுகிறது என்று எனக்குத் தோன்றியது. மறுபடி முதல் கட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை, ஒரே முகம்தான். அப்படியானால் அந்தத் துக்கம் அவளுடையதா, நான் கொண்டுபோய் வைத்ததா? எட்டுத் தொகுதியும் இதைத்தான் கேட்கிறது, முதல் அத்தியாயத்திலேயே வாசகனின் கையில் கொடுத்துக் கேட்கிறது.

இது காகிதத்தில்தான் முழுசாக நடக்கும். காகிதத்தில் யாருக்கும் குரல் இல்லை, யாரும் அசைவதில்லை. மனிதரும் ரோபோவும் ஒரே மாதிரி உறைந்து நிற்கிறார்கள். கெஸிக்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட கனவு கண்டு விழிக்கிறார், மனைவி ஹெலனாவோடு பேசுகிறார், சோர்ந்த நடுவயது ஆள். தொடக்கப் பக்கங்களில் அவரை மனிதர் என்றே எடுத்துக்கொள்வோம். பிறகுதான் தெரிகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு புதுப் பாத்திரம் வரும்போதும் முகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுவோம், இது யார் என்று. துப்பறிகிற வேலை பாதி நம்முடையதாகிவிடுகிறது.

முன்பு ஒரே ஒரு ரோபோ கொன்றது என்றேனே, அதன் பெயர் பிராவ் 1589. இருட்டுச் சிறையில், மார்பில் ஈட்டி பாய்ந்த நிலையில், உடைந்த உடலோடு கிடக்கிறது. அதைச் சோதித்தவர்களுக்கு அதன் மூளையில் ஒரு பழுதும் கிடைக்கவில்லை என்பதுதான் பயங்கரம். கெஸிக்ட் யோசனை கேட்டு அதனிடம் போகும் பக்கங்களில் கறுப்பு மையே பெரும்பகுதி. எவ்வளவு நேரம் அந்த இருட்டில் நிற்பது என்பதை நாம் தீர்மானிக்கிறோம். தொடரில் அதை இயக்குநர் தீர்மானித்துவிடுகிறார்.

சண்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலசாலி ரோபோக்கள் மோதும் கதை என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். உராசவா பல மோதல்களை நேரில் காட்டுவதே இல்லை. தூரத்தில் ஒரு வெளிச்சம், அப்புறம் வெறும் வானம், அதைப் பார்த்து நிற்பவரின் முகம். எனக்கு இது பெரிய பலம். உங்களுக்கு எரிச்சலாகவும் இருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் விஸ் மீடியா பதிப்பு; மொழிபெயர்ப்பு ஜாரெட் குக், ஃபிரெட்ரிக் ஷாட் இருவரும். எளிய, சுத்தமான ஆங்கிலம். நாளிதழ் படிக்க வந்தால் போதும். வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுவதற்கு அரைமணி நேரம் ஆகும். பணம்தான் சிக்கல். எட்டையும் சேர்த்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும், அதுவும் ஒரே நேரத்தில் எட்டும் கிடைத்தால். தொடர் மங்காக்களில் முதல் தொகுதி எப்போதும் கடையில் இருக்கும், நடுத் தொகுதிகள்தான் காணாமல் போகும். எனக்கு ஐந்தாவது தொகுதி வந்துசேர மூன்று மாதம் பிடித்தது. நான்காவதை முடித்துவிட்டு, ஆறாவதும் ஏழாவதும் எட்டாவதும் அலமாரியில் இருக்க, திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மர்மக் கதைக்கு நடுவில் அது பொல்லாத காத்திருப்பு.

மின்பிரதி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கைபேசியில் படிக்காதீர்கள். எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரியும் படங்கள் நறுக்கப்பட்டுப் போகும். சிறு கட்டங்களில் முகம் கடுகளவுதான் தெரியும். முகத்துக்காகப் படிக்கிற புத்தகம் இது. டேப்லட்டாவது வேண்டும்.

*மங்கா யாருக்கு:* மர்மக் கதை வாசிப்பவர்களுக்கு, படம் வரைகிறவர்களுக்கு, நின்று நிதானமாகப் போக விரும்புகிறவர்களுக்கு. உராசவாவின் ‘மான்ஸ்டர்’ பிடித்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## அனிமே: 8 பகுதிகள்

தொடரைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எம்2 என்ற அசைபட நிறுவனத்துக்காக இதைத் தயாரித்தவர் மசாவோ மருயாமா. தெசுகா தொடங்கிய முஷி புரொடக்‌ஷனில் இளம் வயதில் வேலை பார்த்தவர், பிறகு மேட்ஹவுஸ், மாப்பா என்று பெரிய பெரிய நிறுவனங்களைத் தொடங்கியவர். எண்பது வயதைத் தாண்டி இந்தக் கதைக்குத் திரும்பி வந்திருக்கிறார். இயக்கம் டோஷியோ கவாகுச்சி, இசை யூகோ கன்னோ. ஏறக்குறைய ஒரு தொகுதிக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். மங்காவை வெட்டிச் சுருக்காமல், கிட்டத்தட்ட கட்டத்துக்குக் கட்டம் ஒட்டியே போகிறார்கள்.

மங்காவால் எட்ட முடியாத ஓர் இடம் தொடரில் இருக்கிறது. முதல் பகுதியிலேயே வருகிறது. ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கோட்டை வீடு. பார்வை இழந்த, எரிச்சல் பிடித்த முதிய இசையமைப்பாளர் பால் டங்கன். அவருக்குப் பணிவிடை செய்ய வந்து சேர்கிறது நார்த் நம்பர் 2, போரில் எண்ணற்ற ரோபோக்களை அழித்த ராணுவ ரோபோ. மேலங்கிக்குள் உடம்பெல்லாம் ஆயுதம். அதற்கு ஓர் ஆசை: பியானோ கற்க வேண்டும், இனி போர்க்களத்துக்குப் போகக் கூடாது. கிழவர் விரட்டுகிறார். இயந்திரம் தொட்டால் அது இசையே அல்ல என்கிறார். ஆனால் தூக்கத்தில் அவர் முனகும் ஒரு மெட்டு அந்த ரோபோவின் காதில் விழுந்துவிடுகிறது.

மங்காவில் அந்த மெட்டு ஓசையில்லாத மெட்டு. நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். தொடரில் அது கேட்கிறது. என் அம்மா அனிமே என்றாலே குழந்தைகள் பார்ப்பது என்று எழுந்து போய்விடுவார். அன்று நான் முதல் பகுதியைப் போட்டபோது கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டங்கனும் ரோபோவும் சண்டை போடத் தொடங்கியபோது கை வேலை நின்றது. கடைசியில் பியானோ ஒலித்தபோது, “அந்தப் பெரியவர்கிட்ட போய் யாராவது சொல்லுங்களேன்” என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்பது பார்த்தவர்களுக்குப் புரியும்.

சரி, அப்படியானால் எதற்கு மங்கா? மறுபடி ராபியின் மனைவியிடம் போவோம். தொடரிலும் அதே தகர முகம், அதே வார்த்தைகள். ஆனால் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. குரல் வந்தால் அதில் துக்கம் எவ்வளவு என்பதை நடிப்பவர் முடிவு செய்தாக வேண்டும். ஒரு நொடி மௌனம் வைத்தால் அதுவும் ஒரு பதில்தான். நான் தொடரில் அந்தக் காட்சியைப் பார்த்து இரக்கப்பட்டேன். மங்காவில் பார்த்துக் குழம்பினேன். அந்தக் குழப்பம்தான் இந்தக் கதை தரும் பெரிய பரிசு என்று நினைக்கிறேன், ஆகவே அதை முதலில் இழக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதன் மறைமுகச் செலவு பணமில்லை. ஒரு மாதச் சந்தா மங்காவின் ஒரு தொகுதியைவிடக் குறைவாகவே வரும். செலவு கவனத்தில்தான். முடிந்ததும் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு பகுதியின் முடிவும் மனத்தில் ஊற நேரம் கேட்கிற முடிவு. உடனே அடுத்ததற்குள் இழுக்கப்பட்டால் முதல் பகுதியின் கனம் மூன்றாவதில் மறந்துபோகும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஜப்பானிய ஒலியில் பார்த்தால் கீழே ஓடும் வரிகளை விடாமல் படிக்க வேண்டியிருக்கும். கண் கீழேயே இருந்தால் மேலே முகம் தப்பிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆங்கில ஒலியில் பார்ப்பது தவறில்லை என்பேன், ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும்.

*அனிமே யாருக்கு:* வீட்டாரோடு சேர்ந்து பார்க்க, மங்கா வாசிப்பு பழகாதவர்களுக்கு, கையில் ஒரு வாரம் மட்டுமே இருப்பவர்களுக்கு, இசைப் பிரியர்களுக்கு.

## தெசுகாவின் மூலக்கதை

“அதைப் படிக்காமல் இது புரியாது” என்பது வதந்தி. நன்றாகவே புரியும். உராசவா ஒவ்வொருவரையும் புதிதாக அறிமுகப்படுத்துகிறார். ஆட்டம் வரும் இடத்தைப் பாருங்கள். முதல் தொகுதியின் கடைசியில்தான் வருகிறான். கூர்முடி இல்லை, கறுப்புக் கால்சட்டை இல்லை, தெருவில் நாம் தாண்டிப் போகும் சாதாரணப் பையன். பழைய ஆட்டமை அறிந்தவர்களுக்கு அங்கே ஒரு சிலிர்ப்பு கூடுதலாகக் கிடைக்கும். அறியாதவர்கள் எதையும் இழக்கமாட்டார்கள்.

மூலக்கதையை முதலில் படிப்பதில்தான் நஷ்டம் இருக்கிறது. தெசுகா கொலையாளியை ஒளித்துவைக்கவில்லை. தொடக்கத்திலேயே கொம்போடு கம்பீரமாக நிறுத்திவிடுகிறார். யார் யாரோடு மோதுகிறார்கள், எந்த வரிசையில் என்பதும் தெரிந்துவிடும். உராசவா பல தொகுதிகள் எடுத்துக்கொண்டு மூடிவைத்த பெட்டி சில பக்கங்களில் திறந்துவிடும். எட்டுத் தொகுதிக்கான ஆவலை ஒரு மாலையில் செலவழித்துவிடுவீர்கள்.

ஆனால் எட்டையும் முடித்துவிட்டுப் படித்தால் அது வேறு புத்தகம். டார்க் ஹார்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆஸ்ட்ரோ பாய்’ மூன்றாவது தொகுதியில் இந்தக் கதை இருக்கிறது, அதே ஷாட்டின் மொழிபெயர்ப்பு. உருண்டை உருண்டையான உருவங்கள், இடையிடையே கோமாளித்தனம், தங்கை ஊரானின் குறும்பு. ஒரு லட்சம் குதிரைத் திறனைப் பத்து லட்சமாக ஏற்றிக்கொண்டால் ஜெயிக்கலாம் என்ற பையன்கள் கணக்கு. அதற்கு நடுவில் திடீரென்று ப்ளூட்டோ தயங்குகிறான். அவன் கெட்டவன் இல்லை, இட்ட வேலையைச் செய்யப் பிறந்தவன். எட்டுத் தொகுதியாக விரிந்த விதை அந்தத் தயக்கம்தான் என்பது அப்போது கண்ணில் படும்.

உராசவா சேர்த்தவை எவை என்பதும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். 39-வது மத்திய ஆசியப் போர் மூலக்கதையில் இல்லை. த்ரேசிய ஐக்கிய நாடுகள் என்ற வல்லரசு, பாரசீகம் பேரழிவு ரோபோக்களை மறைத்து வைத்திருப்பதாகக் குற்றம் சாட்டுகிறது. தேடிப்போன குழுவுக்குக் கிடைத்தது வேறு. இருந்தும் போர் நடக்கிறது. ஈராக் படையெடுப்பு நடந்தது 2003 மார்ச்சில். இந்த மங்கா தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். ரோபோக்கள் மீது வெறுப்பை வளர்க்கும் ரகசியக் கூட்டமும், அதில் சிக்கிய ஒரு சாதாரணக் குடும்பத் தலைவரும்கூட உராசவாவின் சேர்க்கைதான். ரோபோவும் மனிதனும் ஒரே தெருவில் வாழ்வது சட்டத்தில் எளிது, மனத்தில் எவ்வளவு கடினம் என்பதை அந்த மனிதரின் வழியாகச் சொல்லும் பகுதிகள் மொத்தக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தவை.

ஒரே ஒரு தரப்புக்கு மூலக்கதையை முதலிலேயே கொடுப்பேன்: குழந்தைகளுக்கு. உராசவாவின் ‘ப்ளூட்டோ’ பதினாலு பதினஞ்சு வயதுக்குக் கீழே வேண்டாம். ரத்தத்துக்காகச் சொல்லவில்லை, குழந்தையை இழந்த பெற்றோர், போரின் குற்ற உணர்ச்சி என்று அது தொடும் இடங்களுக்காகச் சொல்கிறேன். தெசுகாவினதை ஒன்பது பத்து வயதில் தரலாம். என் அக்கா மகனுக்குத் தந்தேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்து, “மாமா, ப்ளூட்டோவுக்குச் சண்டை போடப் பிடிக்கலைன்னா ஏன் மாட்டேன்னு சொல்லலை?” என்று கேட்டான். பெரியவனானதும் அவன் உராசவாவைப் படிப்பான். கொலையாளி யார் என்பது தெரிந்தே படிப்பான், பரவாயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டவனுக்கு மர்மம் வேறு இடத்தில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | மங்கா | அனிமே | மூலக்கதை |
|---|---|---|---|
| அளவு | 8 தொகுதிகள், 65 அத்தியாயங்கள் | 8 பகுதிகள், சுமார் 8 மணி நேரம் | ஒரு மாலை வாசிப்பு |
| மர்மம் | முழுசாக நிற்கும் | முழுசாக நிற்கும், வேகம் கூடுதல் | மர்மக் கதையே அல்ல |
| முகமும் மௌனமும் | நம் கையில் | குரலும் இசையும் வழிநடத்தும் | கேலிச்சித்திர முகங்கள் |
| பணம் | அதிகம் | குறைவு | ஒரு புத்தக விலை |
| மறைமுகச் செலவு | நடுத் தொகுதிகளுக்கு அலைச்சல் | ஒரே மூச்சில் பார்த்துக் கனம் இழப்பது | முதலில் படித்தால் ரகசியம் போய்விடும் |
| வயது | 15-க்கு மேல் | 15-க்கு மேல் | 9-லிருந்து |

2015-இல் தோக்கியோவில் சிதி லார்பி ஷெர்காவியின் இயக்கத்தில் மேடை நாடகமாகவும் வந்தது. நாம் நினைத்தபோது பார்க்கக்கூடியது இல்லை என்பதால் போட்டியில் சேர்க்கவில்லை.

## நான் சொல்லும் வழி

பணமும் பொறுமையும் இருந்தால்: மங்கா எட்டும், ஒரு மாதம் கழித்து அனிமே, கடைசியில் தெசுகா. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

எட்டு தொகுதிக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது, அதைத்தான் நண்பர்களுக்குச் சொல்கிறேன். முதல் தொகுதியை மட்டும் வாங்குங்கள், அல்லது நூலகத்திலோ நண்பரிடமோ இரவல் வாங்குங்கள். ராபியின் வீடு, பிராவின் சிறை, நார்த் நம்பர் 2-வின் பியானோ எல்லாம் அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. அவசரப்படாமல் இரண்டு மூன்று இரவுகளில் படியுங்கள். பிறகு தொடரை முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள். கதை தெரியுமே என்று இரண்டாவதுக்குத் தாவ வேண்டாம். நீங்கள் மனத்துக்குள் வாசித்துவைத்த மெட்டும் கன்னோவின் மெட்டும் அங்கேதான் சந்திக்கின்றன. காகிதத்தில் அந்த முகங்களோடு ஒரு தடவை பழகிவிட்டால், மிச்ச ஏழு பகுதிகளிலும் குரல் சொல்வதை அப்படியே நம்பாமல் முகத்தையும் பார்ப்பீர்கள்.

ஏற்கெனவே தொடரைப் பார்த்து முடித்துவிட்டவர்கள், “இனி மங்கா வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள். கொலையாளி தெரிந்துவிட்ட பிறகும் வாங்கலாம், ஆனால் எட்டையும் ஒரேயடியாக வேண்டாம். முதல் தொகுதியில் ராபியின் மனைவி வரும் பக்கங்களைத் திறந்து, ஐந்து நிமிடம் பாருங்கள். தொடரில் கேட்ட குரலே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம், உங்களுக்குத் தொடர் போதும். குரல் அடங்கி அந்தத் தகர முகம் மட்டும் மிஞ்சினால் மிச்சத்தையும் வாங்குங்கள். அப்படி வாங்குவதாக இருந்தால், ஐந்தாவது தொகுதி எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.